பரிசாகத் தைத்துத் தரலாம் ஓர் ஏப்ரன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆவணி முகூர்த்தங்களும் புதுமனை புகுவிழாக்களும் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில், பரிசுப் பொருளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் வாசகர்களுக்கு ஒரு யோசனையைச் சொல்ல விரும்புகிறேன். சுவர்க் கடிகாரங்களும் கண்ணாடிக் கோப்பைகளும் ஒரே வீட்டில் நான்கைந்தாகச் சேர்ந்து பரணுக்குப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுக்குப் பதிலாக, ஒன்றேகால் மீட்டர் கைத்தறிப் பருத்தித் துணியில் சமைக்கும்போது உடைமேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒன்றை நம் கையாலேயே தைத்துக் கொடுத்தால், அது மறுநாள் காலையிலிருந்தே பயன்படத் தொடங்கிவிடும்.

கரூரிலிருந்து மேசை விரிப்புகளோடும் அடுப்படிக் கையுறைகளோடும் ஏப்ரன்களும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ஆனால் நம் வீட்டு அடுப்படிகளில் அவற்றைக் காண்பது அரிது. முந்தானையால் கை துடைப்பதும், அதைக்கொண்டே சூடான பாத்திரத்தை இறக்குவதும் நமக்குப் பழகிப்போய்விட்டன. எரிவாயு அடுப்பின் முன் தொங்கும் முந்தானையும் துப்பட்டாவும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பற்றக்கூடியதுதான் என்பதால் ஏப்ரனைத் தீக்கவசம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆயினும் தொங்கும் துணியை உடலோடு சேர்த்துக் கட்டி வைப்பதே பெரிய பாதுகாப்பு.

அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், புதிதாகத் தைப்பவர்களும் ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய முறையைச் சொல்கிறேன். 44 அங்குல அகலமுள்ள துணியை முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்; சாயம் போகும் துணியா என்பதும் தெரிந்துவிடும். பிறகு 28 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட துண்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். மடிப்பிலிருந்து மேல் விளிம்பில் ஆறரை அங்குலத்தில் ஒரு புள்ளியும், திறந்த பக்கத்தில் மேலிருந்து 10 அங்குலம் கீழே மற்றொரு புள்ளியும் வைத்து, இரண்டையும் நேர்கோட்டில் இணைத்து வெட்டினால் ஏப்ரனின் உருவம் கிடைத்துவிடும். துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய நாளிதழ்த் தாளில் வெட்டி, உடல்மேல் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைகளில் கிடைக்கும் ஏப்ரன்களில் கைப்பக்கம் வளைவாக இருக்கும். அந்த வளைவுக்குக் கிராஸ் பீஸ், அதாவது துணியின் மூலைவாட்டத்தில் வெட்டிய பட்டி, வைத்துத் தைப்பதில்தான் கற்றுக்கொள்பவர்கள் சலித்துப்போகிறார்கள். சரிவாக வெட்டினால் அந்த வேலையே இல்லை. ஆனால் சரிவான விளிம்பு இழுத்தால் நீளும் என்பதால், மடிப்பதற்கு முன் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். மற்ற ஓரங்களை மடித்துத் தைத்த பிறகு, சரிவுப் பக்கங்களை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து, பாவாடைக்கு நாடா கோப்பது போன்ற குழலாகத் தைக்க வேண்டும். மீதித் துணியில் இரண்டரை அங்குல அகலப் பட்டிகள் மூன்றை வெட்டி, ஒட்டுப்போட்டு, ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தால் ஓர் அங்குல அகலத்தில் நீண்ட நாடா தயாராகிவிடும். அதன் நுனியில் ஊக்கு குத்தி, ஒரு குழலில் கீழிருந்து மேலே ஏற்றி, கழுத்துக்கு இடம்விட்டு, மறு குழலில் மேலிருந்து கீழே இறக்க வேண்டும். நாடாவை இழுத்தால் கழுத்தளவு கூடும், குறையும். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அதே ஏப்ரன் பொருந்தும். பெறுபவரின் அளவை முன்கூட்டிக் கேட்க முடியாத பரிசுக்கு இதைவிட வசதியான முறை எனக்குத் தெரியவில்லை.

எஞ்சும் துணியில் ஒரு பாக்கெட் வைக்கலாம். அதன் மேல்மூலைகள் இரண்டிலும் சிறு முக்கோணமாகத் தையல் போட்டால்தான் கை நுழைத்து நுழைத்துக் கிழியாமல் இருக்கும். துணி அடர்நிறக் கட்டமாக இருந்தால் எண்ணெய்க் கறை தெரியாது. மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாகிப் பயமுறுத்தும். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் மெல்ல மங்கிவிடும்.

மணமகளுக்கு மட்டும் இதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் சமையலும் இருவருக்கும் உரியதே என்பதால், மாப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தைக்க நேரமில்லாதவர்கள் துணியை எடுத்து, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் இயந்திரம் பெற்ற பெண்கள் அருகில் இருந்தால், அவர்களிடம் உரிய கூலி கொடுத்துத் தைத்து வாங்கலாம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, மேற்சொன்ன அளவுகளைக் கோட்டுப் படத்துடன் இந்த முகூர்த்தக் காலம் முடிவதற்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் வரைந்து அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
ஈரோடு.