தராசு 17 காட்டியது

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகன்,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

ரெண்டு கிழமையாகப் போன் எடுத்தால், "சைட்ல நிக்கிறேன்ப்பா, அப்புறம் எடுக்கிறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. வேலை அதிகம் என்றால் எங்களுக்குச் சந்தோசம்தான். கீழ் வீட்டுப் பையன் நாளைக்குக் காலையில் கொழும்புக்கு வருகிறான். லீக்ஸ், கரட், அம்மா இடித்த மிளகாய்த்தூள், ரெண்டு கிலோ தேயிலைத்தூள், எல்லாம் ஒரு பெட்டியில் கட்டியிருக்கிறோம். தேயிலைப் பையை நீயே பிரி. வேறு யாரும் பிரிக்க வேண்டாம்.

காலையில் பனி கொட்டுகிறது. சிவனொளிபாத மலை சீசன் என்பதால் ஹட்டனில் பஸ் பிடிப்பதே பெரிய பாடு. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. மாமாவின் லொறி விசயம் அப்படியேதான் கிடக்கிறது, அதை நேரில் வரும்போது பேசலாம்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவை அம்மா தினமும் எடுத்துப் பார்க்கிறாள். பேத்தியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். முந்தாநாள் போனை என்னிடம் நீட்டி, படத்தை விரலால் பெரிசாக்கி, மருமகள் கழுத்துப் பக்கம் காட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் கயிறும் மங்கலம்தான்.

நம்ம பழைய அதிபரை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கணக்குக் கொப்பியை வகுப்பில் தூக்கிக் காட்டியவர். பென்சனில் வந்த பிறகு இங்கே மத்தியஸ்த சபையில் இருக்கிறார். போன சனிக்கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். தெரிந்த ஒருவருடைய பிள்ளைக்கு இப்படி ஒரு பிரச்சினை, வேலையை முடித்துக் கொடுத்தும் வீட்டுக்காரர் பாக்கிக் காசைத் தராமல் இழுக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டேன். யாருடைய பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பையன் அவசரப்பட்டு எதுவும் செஞ்சிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கச்சியைக் கோபிக்காதே. உன் பாக்கி விசயத்தை அவளாகச் சொல்லவில்லை, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். வத்தளை வீட்டில் நீ பூட்டிய 14 அலுமினிய ஜன்னல், ரெண்டு சறுக்குக் கதவு, பென்ட்ரி கபர்ட். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபா பாக்கி. ஆடிவேல் திருவிழாச் சமயத்தில் முடித்த வேலை. குடிபுகும் நாளில் உன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்தவர், இப்போது ஒரு பிரேமில் கீறல், ஒரு ஜன்னல் சறுக்கவில்லை, நிறம் சொன்ன நிறமில்லை என்கிறாராம். ஹார்ட்வெயார் கடைக்காரர் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் உன்னைப் பிடித்து நெருக்குகிறாராம். ராத்திரி கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு போய் ஜன்னலைக் கழற்றிக்கொண்டு வருவேன் என்று நீ சொன்னாயாம்.

கழற்றப் போகாதே, மகன். உன் கைப்பட வெட்டிப் பூட்டியதுதான், தெரியும். ஆனால் இன்னொருத்தன் சுவரில் ஏறிவிட்ட சாமானில் நீ கைவைத்தால், பொலிசில் முறைப்பாடு எழுதப்போவது அவர். இன்றைக்குக் காசு வரவேண்டியவன் நீ. நாளைக்கு நீ குற்றவாளியாக நிற்பாய். அதிபரும் இதைத்தான் ரெண்டு தடவை சொன்னார்.

அவர் சொன்ன மற்றதையும் எழுதுகிறேன், கவனமாகப் படி. இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கலில் பொலிசுக்குப் போனாலும், மத்தியஸ்த சபைக்குப் போ என்றுதான் அனுப்புவார்களாம். அந்த வீட்டுக்காரர் இருக்கிற பகுதியின் சபைக்கு நீயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். லோயர் தேவையில்லை, லோயர் வந்து அங்கே வாதாடவும் முடியாது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அதில் ஒருவரை நீ தெரிவு செய்யலாம், ஒருவரை அவர் தெரிவு செய்வார், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்வார்கள். இணக்கம் வராவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டுதான் பிறகு கோர்ட்டுக்குப் போகலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று சொன்னார். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. செய்த வேலைக்கான கூலிக்கும், கொடுத்த சாமானின் காசுக்கும் ஒரு வருசத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம். 1871ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றைக்கும் அதுதான். எழுதிக் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருசம் இருக்கிறது. உன்னிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லை என்று எனக்குத் தெரியும். வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதே, வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதே என்று நீ வேன் வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நல்ல மனுசன்ப்பா, நம்ம ஆளுங்கப்பா" என்பாய். நல்ல மனுசனிடம்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும். அட்வான்ஸ் பாதிக்குக் குறையாமல் வாங்கு என்றேன். கண்ணாடி ஏற்றும் அன்றைக்கு இன்னொரு பங்கு வாங்கு என்றேன். நீ கேட்டாயா?

சரி, விடு. ஏழு மாதம் போய்விட்டது. அஞ்சு மாதம்தான் கையில் இருக்கிறது. அவர் "சித்திரைக்குத் தாரேன், வெளிநாட்டிலிருந்து காசு வந்ததும் தாரேன்" என்று இழுக்க இழுக்க நாள் ஓடுவது உனக்குத்தான். பாக்கி இவ்வளவு என்று தேதி போட்டு ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச்சொல்லிக் கேள். தந்தால் அந்தத் தேதியிலிருந்து திரும்பக் காலம் ஓடத் தொடங்குமாம். தராவிட்டால் காத்திருக்காதே, விண்ணப்பத்தைக் கொடு. வாட்ஸ்அப்பில் அவர் போட்ட மெசேஜ் ஒன்றையும் அழிக்காதே. நல்லா இருக்கு தம்பி என்று அவர் சொன்ன வொய்ஸ் இருக்கிறதாமே, அதையும் வைத்துக்கொள். கடை பில்லெல்லாம் சேர்த்துப் போட்டோக் கொப்பி எடு.

அந்தச் சறுக்காத ஜன்னலைப் போய்ச் சரிசெய்து கொடு. கோபத்தோடு போகாதே, பகலில் போ, ஒரு ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு போ. சரிசெய்து, அவரையே தள்ளிப் பார்க்கச்சொல்லி, வீடியோ எடுத்துக்கொள். உண்மையில் நம் பக்கம் குறை இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டுக் கேட்டால்தான் சபையில் பேச்சு எடுபடும் என்று அதிபர் சொன்னார். ஜன்னலைக் கழற்ற மட்டும் போகாதே.

உன் வேலையில் குறை இருக்கும் என்று நான் நம்பவில்லை. நம் குசினியில் நீ பூட்டிய ஜன்னல் இருக்கிறதே, நீ தொழில் பழகி முதன்முதலாகச் செய்தது. இந்த ஊர் மழைக்கும் மிஸ்டுக்கும் பக்கத்து வீட்டு மரச்சட்டமெல்லாம் ஊதிப் பிதுங்கிவிட்டது. நம்முடையது இன்றைக்கும் அம்மாவின் ஒற்றை விரலுக்கு நகர்கிறது. மூலையில் ரெண்டு பாரும் சேருகிற இடத்தில் நகம் நுழையாது. வீட்டுக்கு வருகிறவர்களை அம்மா குசினிக்குள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறாள். "என்ட மகன் போட்டது" என்பாள். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த மனிதர் கீறல் என்று சொன்னதைக் கேட்டு நீ ராத்திரி தூங்காமல், நான்தான் பிழை விட்டேனோ என்று மருமகளிடம் கேட்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் போனிலும் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கீறலைப் பற்றி எனக்குத் தெரியும், மகன். எப்படித் தெரியும் என்று எழுதுகிறேன்.

2010ஆம் வருசம். அப்போது ஒரு நாள் பேர்க் கூலி 285 ரூபா. கொடுப்பனவெல்லாம் சேர்ந்தால் 405. எங்கள் டிவிசனில் அந்த மாதம் முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் கூலிக்கு, 16 கிலோ வைத்திருந்தார்கள். கொழுந்து குறைவான காலம், காலையிலிருந்து தூறல். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பக்கத்தில், பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு நான் நிற்கிறேன். மேட்டு லயத்துப் பெரியம்மா வந்தாள். ஆமாம், அவளேதான். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது உன்னையும் தங்கச்சியையும் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். தராசு 17 காட்டியது. ஈரம் என்று ரெண்டு கிலோ கழித்தேன். 15 என்று எழுதினேன். அரைப்பேர், பாதிக் கூலி.

அவள் போகவில்லை. "ஐயா, தராசு 17 காட்டிச்சுங்களே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குப் பின்னால் தோட்டத்துச் சின்னத்தொரை நிற்கிறார். நான் அவள் கொழுந்துக்குள் கையைவிட்டுத் துழாவினேன், மகன். துழாவி, மூன்று முத்தல் இலையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் நீட்டி, "இதான் நீ எடுக்கிற கொழுந்தா?" என்று கேட்டேன். எந்த ஆள் எடுத்த கொழுந்திலும் அந்த மூன்று இலை இருக்கும். எனக்குத் தெரியும். நிறுக்கும்போது அந்த இலையை நான் பார்க்கவே இல்லை. பேரை வெட்டிய பிறகுதான் தேடினேன்.

அவள் அந்த மூன்று இலையையும் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு சாக்கை உதறி மடித்து, தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மலையில் அவள் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து எடுத்ததைக் கண்டேன். அவள் எங்களில் எல்லாரையும்விட நல்லா எடுப்பாள், 30 வருசம் எடுத்தவள். அன்றைக்கு 16 வரவில்லை. அதற்கும் அரைப்பேர்தான் போட்டேன்.

142 ரூபா 50 சதம். ரெண்டு நாளைக்கு 285. ஒரு சதம் என் பைக்கு வரவில்லை, அதனால் என்மேல் பிழையில்லை என்றே இருந்துவிட்டேன். கணக்கு நல்லா இருக்கு என்று சின்னத்தொரை சொன்னார், அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். அன்றைக்கு ராத்திரி நீ அவள் கொடுத்துவிட்ட ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. உன் கூலியை ஒருத்தர் பிடித்து வைத்திருக்கிறார் என்று தங்கச்சி சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. எனக்கு அந்த மூன்று இலைதான் கண்ணில் வந்தது. அந்த வத்தளைக்காரர் கீறலைத் தேடிக் கண்டுபிடித்தது எந்த நேரத்தில் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். காசு தருவதில்லை என்று மனதில் முடிவெடுத்த பிறகு. நீ மருமகளிடம் போய்ப் பிழை யாருடையது என்று கேட்காதே. உன் வேலை சரி.

வெள்ளிக்கிழமை மேட்டு லயத்துக்குப் போனேன். பெரியம்மா வாசலில் விறகு காய வைத்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்து, "வாங்க ஐயா" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ ஊற்றித் தந்தாள். தம்பி எப்படி இருக்கு, ஜன்னல் வேலை நல்லா போகுதா என்று உன்னைத்தான் கேட்டாள். நல்லா போகுது என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழும்பி வந்துவிட்டேன். வருகிற வெள்ளி திரும்பப் போகிறேன்.

தேயிலைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் 85,000 ரூபா இருக்கிறது. என் சேமலாப நிதிக் காசில் மிச்சமிருந்தது. பேங்கில் போட்டால் அம்மா புத்தகத்தில் பார்த்துவிடுவாள், அதனால்தான் இப்படி அனுப்புகிறேன். இதை ஹார்ட்வெயார் கடைக்குக் கொடுக்காதே. அவரிடம் சபைக்குப் போயிருக்கிறேன் என்று துண்டைக் காட்டித் தவணை கேள். இந்தக் காசைக் கொண்டு நேரே அடகு வைத்த இடத்துக்குப் போ. போதாவிட்டால் எனக்கு மட்டும் போன் எடு.

பெட்டி கிடைத்ததும் அம்மாவிடம் பேசு. லீக்ஸ் வாடாமல் வந்தது என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அப்பா