பிரசவ வார்டுக்கு வெளியே உட்காரப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தங்கச்சிக்கு, அதாவது உன் மனைவிக்கு, அடுத்த மாதம் பிரசவத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம். "எல்லாம் மிஸ்ஸி பார்த்துக்குவாங்க" என்று நீ சொல்லித் திரிவதாகவும் கேள்வி. மிஸ்ஸி என்ற நர்ஸ் பார்ப்பார்கள்தான். ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊர்ப் பக்கம், ராத்திரி ஷிப்டில் ஆள் குறைந்தால் ஒரே மிஸ்ஸி பல கட்டிலைப் பார்க்க வேண்டி வரும். தவறுவது அவர்கள் கைத்திறமை இல்லை; ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே உள்ள நேரம்தான் நீண்டு போகும். வலி முற்றியபின் குழந்தையின் இதயத்துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். பக்கத்து அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் முக்கினால், அந்த அரை மணி ஒரு மணியாகிவிடும். அந்த இடைவெளியில்தான் உனக்கு வேலை.

முதலில், எப்போது கிளம்புவது? தலைப்பிரசவத்துக்கு 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. செம்பனைத் தோட்டத்துக்குள்ளே மண்சடக்கில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது. மழை பெய்தால் பாதை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சீக்கிரமே போ, "கருப்பை வாய் இன்னும் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு" என்று சொன்னாலும் வெட்கப்படாதே. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ கணக்கே வேண்டாம், உடனே கிளம்பு. குழந்தையின் அசைவும் அப்படித்தான். 12 மணி நேரத்தில் 10 அசைவு தேறாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

பனிக்குடம் உடைந்த மணியையும் நீரின் நிறத்தையும் எழுதி வை. பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, கவுண்டரில் முதல் பேச்சே அதுவாக இருக்கட்டும்: "ஆயிர் கெதுபான் பெச்சா, வார்னா ஹிஜாவ்" (பனிக்குடம் உடைந்துவிட்டது, பச்சை நிறம்). தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதே. தங்கச்சியை முழங்கால் போட்டு, தலை தாழ, இடுப்பு உயர வைத்துவிட்டு 999-ஐக் கூப்பிடு.

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு அடுத்த தடவை போகும்போது இரண்டு கேள்வி கேள். ராத்திரியில் ஆபரேஷன் வேண்டியிருந்தால் இங்கேயே செய்வார்களா, ஈப்போவுக்கு அனுப்புவார்களா? பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் விடுவார்களா? சில ஆஸ்பத்திரிகளில் கிளினிக் வகுப்புக்கு வந்தவனைத்தான் உள்ளே விடுவார்கள். தங்கச்சியின் கர்ப்பகாலச் சோதனைகளை எழுதும் பிங்க் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும் அவசரத்தில் ரத்த வகையும் கடைசி ஹீமோகுளோபின் அளவும் கேட்டவுடன் சொல்ல முடியும். அந்த அளவு 11-க்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறாளா என்று பார். தேத்தண்ணி இரும்பை உடம்பில் ஏற விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பெரிய ஆபத்து பெற்ற பிறகுதான். குழந்தை அழுததும் எல்லாரும் மூச்சு விடுவார்கள், நீ படம் அனுப்பிக்கொண்டிருப்பாய், மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். முதல் இரண்டு மணி நேரம் விடாமல் கவனிக்க வேண்டிய நேரம். கருப்பை சுருங்கத் தொடையில் ஊசி போட்டு, நச்சுக்கொடி வந்தபின் கருப்பை தொப்புள் மட்டத்தில் பச்சை மாங்காய் மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே ரத்தக்குழாய்கள் மூடவில்லை என்று அர்த்தம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை சுருங்காது. ஆகவே சீக்கிரம் ஒன்றுக்குப் போகச் சொல். நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கினாலும், கிழிசல் இருந்தாலும் ரத்தம் நிற்காது.

500 மில்லிக்கு மேல் போனாலே அதிக ரத்தப்போக்கு. கண்ணால் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் பாதி கைலியிலும் விரிப்பிலும் ஊறி, இடுப்புக்கு அடியில் தேங்கிவிடும். கால் மணிக்கு ஒரு தடவை போர்வையை விலக்கி அடியில் பார்க்கச் சொல். பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, பெரிய ரத்தக்கட்டி விழுந்தாலோ, உடம்பு குளிர்ந்து வேர்த்துத் தலை சுற்றினாலோ உடனே ஆளைக் கூப்பிடு. நாடி முதலில் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் இறங்கும். "பிரஷர் நல்லா இருக்கு" என்ற ஒரு சொல்லோடு திருப்திப்படாதே. மிஸ்ஸி வரும்வரை தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையால் வட்டமாக அழுத்தித் தேய்க்கலாம். முதல் மணி நேரத்தில் பால் கொடுத்தாலும் கருப்பை சுருங்கும்.

கத்திப் பிரயோசனமில்லை. நேரே கவுண்டருக்குப் போய்க் கட்டில் எண்ணைச் சொல்: "காத்தில் 6, டாரா பாஞாக், பாட் சுடா பெனோ" (கட்டில் 6, ரத்தம் அதிகம், பேட் நிறைந்துவிட்டது). குறிப்பான தகவலுக்குத்தான் ஆள் எழுந்து வருவார். ஷிப்ட் மாறும் காலை 7, மதியம் 2, இரவு 9 மணி வாக்கில் கூடுதலாகக் கண் வை. உன்னை உள்ளே விடாவிட்டால் இதையெல்லாம் தங்கச்சிக்கு இப்போதே சொல்லிக் கொடு. போனும் சார்ஜரும் அவள் கையில் இருக்கட்டும்.

பையில் கைலி நாலு, பெரிய பேட், சுடுதண்ணி பிளாஸ்க், ஐ.சி. (அடையாள அட்டை), திருமணச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டிருந்தால் இப்போதே ஜே.பி.என். என்ற தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்; இல்லையென்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு அலைய வேண்டி வரும். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும்.

வீட்டுக்கு வருமுன் ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் நொதி) சோதனை முடிவைக் கேள். குறைபாடு இருந்தால் அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பிள்ளைக்குப் போடக்கூடாது, மஞ்சள்காமாலை ஏறிவிடும். குறைபாடு இல்லாவிட்டாலும் மஞ்சள் வரலாம். வெயிலில் காட்டினால் போய்விடும் என்று பாட்டி சொல்வதை நம்பி நாள் கடத்தாதே. முதல் பத்து நாளில் மிஸ்ஸி பல தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பார். தங்கச்சி அம்மா வீட்டுத் தோட்டத்துக்குப் போவதானால் அந்த முகவரியைக் கிளினிக்கில் கொடுத்துவிடு, கேட்டில் காவலரிடமும் சொல்லி வை. லயத்து நாயைக் கட்டிப் போடு.

அன்புடன்,
அக்கா