நாயோடு வீட்டு வண்டியில் வாழ்வோரின் பயணத் திட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே ஆண்டு முழுவதும் வாழ்வோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் எங்கள் நாயுடன் அவ்வாறே வாழ்ந்து வருகிறோம் என்பதால் ஆவலோடு படித்தேன். கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால், புறப்படும் முன்பே ஓராண்டுக்கான வழித்தடத்தை மாதவாரியாக வகுத்து, வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களையெல்லாம் முன்பதிவு செய்துவிட வேண்டும் என்ற அறிவுரையும், நாயையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்ற ஒற்றை வரியும் ஒரே பத்தியில் இருந்தது உறுத்தியது. நாய் இல்லாதவர்களுக்கு அந்த அறிவுரை ஓரளவு பொருந்தலாம். நாயை வைத்துக்கொண்டு அப்படியொரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் வெயில். வெளியே 21 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருக்கும் இதமான நாளிலும் மூடிய காருக்குள் 10 நிமிடங்களில் 32 டிகிரியும் அரை மணி நேரத்தில் 40 டிகிரியும் ஆகிவிடும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் வெளியிட்டுள்ள அட்டவணை காட்டுகிறது. வீட்டு வண்டி காரைவிடப் பெரியது, ஏ.சி.யும் உண்டு, பிறகென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏ.சி. ஓடுவது முகாமின் மின்கம்பத்தை நம்பித்தான். பரவலாகக் கிடைக்கும் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் அதிகபட்சம் 3,600 வாட் தரும், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் வெந்நீர்க் கருவியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். நாம் கவனமாக இருந்தாலும், கோடைப் பிற்பகலில் சுற்றிலும் உள்ள வண்டிகள் அனைத்தும் ஏ.சி. போடும்போது மின்னழுத்தம் சரிந்து, வண்டியின் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருக்கும் கருவியே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவது உண்டு. அந்த நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு நாம் கடைக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கும் நாயின் கதி என்ன?

இதற்காகவே வண்டிக்குள்ளிருக்கும் வெப்பநிலையைக் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. எங்களிடமும் ஒன்று உண்டு. திரையில் இணைப்பைத் தேடிச் சுழன்றுகொண்டிருக்கும் வட்டம் மறைந்து, 24 என்றோ 25 என்றோ எண் தெளிவாக வந்து நிற்கும்வரை என் மனைவி வண்டியின் படிக்கட்டை விட்டு இறங்க மாட்டார். ஆனால் அக்கருவி வேலை செய்ய செல்போன் சிக்னல் வேண்டும். அழகான இடங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அதுதான். ஆகவே வெப்ப அலை வருகிறது என்ற அறிவிப்பைக் கேட்டதும் இடத்தை மாற்றுவதே உருப்படியான வழி. ஃபீனிக்ஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில மணி நேரப் பயணத்தில் காற்றே குளுமையாக மாறிவிடுகிறது. ஆண்டுத் திட்டத்தின்படி இந்த மாதம் ஃபீனிக்ஸ் போன்ற தாழ்வான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது.

அடுத்தது தேசியப் பூங்காக்கள். ஆண்டுத் திட்டம் போடுபவர்கள் வரைபடத்தில் முதலில் வட்டமிடுவது இவற்றைத்தான். நாய்களுக்குக் கதவு பெரும்பாலும் பாதியளவே திறந்திருப்பதும் இங்கேதான். எல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்துமிடம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாயைக் கொண்டுபோகக் கூடாது. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போடப்பட்டுள்ள மரப்பாதைகளில் அறவே அனுமதியில்லை. சயானில் பாரூஸ் பாதை ஒன்றில் மட்டுமே நாயோடு நடக்கலாம். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே பள்ளத்தாக்குக்குள் பூங்காவின் பேருந்தில்தான் செல்ல வேண்டும். அந்தப் பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆக, கணவனும் மனைவியும் முறைவைத்துத்தான் உள்ளே போய் வர வேண்டும். இதற்கு மாறாக, மெய்ன் மாநிலத்தின் அகேடியாவில் 100 மைல் அளவுக்கு நடைபாதைகள் நாய்களுக்குத் திறந்திருக்கின்றன. தேசிய வனங்களிலும் பொது நில நிர்வாகம் என்ற அரசுத் துறையின் நிலங்களிலும் கட்டுப்பாடு பொதுவாகக் குறைவு. பெயர்பெற்ற பூங்காவில் ஒரு வாரம் என்று எழுதி வைத்ததை இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டு, பக்கத்து வனத்தில் பத்து நாள் தங்குவதை ஏமாற்றமாகக் கருத வேண்டியதில்லை. எங்கள் அனுபவத்தில் நாய் மட்டுமல்ல, நாங்களும் அங்கேதான் நிம்மதியாக இருந்தோம். (தனியார் முகாம்கள் சில, காப்பீட்டைக் காரணம் காட்டிப் பிட்புல், ராட்வீலர் போன்ற இனங்களை ஏற்பதில்லை என்பதையும் வாசலில் போய் நிற்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.)

நோயைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. ஓரிடத்தில் வாழும் நாய்க்கு அந்த வட்டாரத்து நோய்களை நன்கு அறிந்த மருத்துவர் ஒருவர் இருப்பார். வண்டியில் வாழும் நாயோ ஒரு வட்டாரத்தில் நோயை வாங்கி, இன்னொரு வட்டாரத்தில் அதன் அறிகுறியைக் காட்டும். அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியிலும் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் 'வேலி ஃபீவர்' இதற்குச் சரியான உதாரணம். புழுதியை முகர்ந்த சில வாரங்களுக்குப் பிறகே இருமலோ, சோர்வோ, காலை நொண்டுவதோ தொடங்கும்; சில நாய்களில் இன்னும் தாமதமாகும். அதற்குள் வண்டி மொன்டானாவை எட்டியிருந்தால், அங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வர வாய்ப்புக் குறைவு. எனவே தடுப்பூசிச் சான்றுகளோடு, எந்த மாதம் எங்கே இருந்தோம் என்ற குறிப்பையும் கையோடு வைத்திருந்து மருத்துவரிடம் தாமாகவே காட்ட வேண்டும். கொசுவால் பரவும் இதயப்புழு நோய்க்கான மாத்திரையைக் குளிர்காலத்திலும் நிறுத்தக் கூடாது. ஜனவரியில் நாம் இருப்பது கொசு ஓயாத ஃபுளோரிடாவாக இருக்கலாம்.

சில சமயம் காரணம் இதைவிடச் சின்னதாகவும் இருக்கும். மேற்கு மாநிலங்களில் கோடையில் காய்ந்து நிற்கும் ஒருவகைப் புல்லின் கதிர், நாயின் விரலிடுக்கில் ஏறினால் முன்னோக்கியே நகரும். அதன் மயிர்முட்கள் பின்னோக்கி வர விடுவதில்லை. எங்கள் நாய் முன்னங்காலை ஓயாமல் நக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு விரித்துப் பார்த்தபோது, இரண்டு விரல்களுக்கு நடுவே சிவந்த கொப்புளமும் அதன் நுனியில் வைக்கோல் நிறத்தில் ஒரு துணுக்கும் தெரிந்தன. மருத்துவர் அதை எடுத்த பிறகு கட்டுப்போட்ட காலோடு நீண்ட பயணம் வேண்டாம் என்றார். அடுத்த இரண்டு முகாம்களையும் ரத்து செய்துவிட்டு அந்த ஊரிலேயே தங்கிவிட்டோம்.

ரத்து செய்வதென்றால் பணம் போய்விடாதா என்று பலரும் தயங்குகிறார்கள். அரசு நிலங்களிலுள்ள முகாம்களுக்கு முன்பதிவு செய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில், உரிய நேரத்தில் ரத்து செய்தால் பொதுவாக 10 டாலர் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசி நேரத்தில் செய்தால் ஓர் இரவுக்கான தொகையும் சேர்ந்து போகும். அந்தப் பணத்துக்காக, உடம்பு சரியில்லாத நாயைக் குலுங்கும் வண்டியில் நூற்றுக்கணக்கான மைல்கள் கொண்டுபோவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. எங்கள் வழக்கம், விடுமுறை நாட்களுக்கும் இடம் கிடைப்பது அரிதான பூங்காக்களுக்கும் மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, நடுவிலுள்ள வாரங்களைத் திறந்தே வைப்பது. பொது நில நிர்வாகத்தின் நிலங்களில் பெரும்பாலும் 14 நாட்கள் வரை முன்பதிவின்றித் தங்கலாம் என்பதால் இது நடைமுறையில் கடினமில்லை.

நாய் காரணமாக மட்டும்தான் திட்டம் மாறும் என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் இறுதியில் காட்டுத்தீ அபாயத்தால் கலிஃபோர்னியாவின் தேசிய வனங்கள் கிட்டத்தட்ட அனைத்தும் மூடப்பட்டன. 2022 ஜூனில் வெள்ளத்தால் எல்லோஸ்டோனின் நுழைவாயில்கள் எல்லாம் அடைக்கப்பட்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். அப்படிப்பட்ட நாளில், நாயை ஏற்கும் இன்னொரு இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பவர் மட்டுமே பதற்றமில்லாமல் வண்டியைத் திருப்ப முடியும். சாலை வழியாக அலாஸ்கா செல்ல விரும்புவோர் கனடாவைக் கடக்க வேண்டும். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அமெரிக்காவுக்குத் திரும்பி வரும் நாய்க்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், இணையவழிப் படிவமும் நிரப்ப வேண்டும். நாலு மாதக் குட்டியோடு புறப்படுபவர் திரும்பும் தேதியையும் இதை வைத்தே கணக்கிட்டாக வேண்டும்.

அக்கட்டுரையின் அடுத்த பகுதி விரைவில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் வண்டிகளின் விலைப் பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் சிறிதளவை, மின்சாரம் நின்றால் நாயை என்ன செய்வது, வழியில் மருத்துவரை எப்படித் தேடுவது, எந்தப் பூங்காவில் எதற்கு அனுமதி என்பவற்றுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெளியூர் நாயை உடனே பார்க்க இடமில்லை என்று சில மருத்துவமனைகள் கைவிரித்துவிடுவதால், செல்லவிருக்கும் ஊரிலுள்ள அவசர சிகிச்சை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரியாவது அதில் இடம்பெற வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்,
அரிசோனா, அமெரிக்கா.