ரெஃபரன்ஸ் எதுன்னு ஒரு வரி போடுங்க: ஆய்விதழ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த புற்றுநோய் பேப்பரோட மூணாவது டேபிள் பத்திதான் எழுதுறேன், எதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நோயாளிங்களோட மரண ஆபத்தை குரூப் குரூப்பா ஒப்பிடற காக்ஸ் மாடல், அதுல "பயோமார்க்கர்"னு (உடம்புல அளந்து பாக்கற ஒரு அடையாளம்) ஒத்த வரி, ஹசார்ட் ரேஷியோ, அதாவது ஒரு குரூப்போட ஆபத்து இன்னொண்ணோடதுல எத்தனை மடங்குங்கற நம்பர், 0.4. எதோட ஒப்பிட்டா 0.4, அதாவது ரெஃபரன்ஸ் குரூப் எது? மெத்தட்ஸ்லயும் இல்ல, சப்ளிமென்ட்லயும் இல்ல, எழுதினவங்களுக்கு மெயில் போட்டா பதிலும் இல்ல.

மார்க்கர் ஹையா இருக்கறவங்களுக்கு ஆபத்து கம்மின்னுதானே எல்லாரும் படிப்பாங்க? ஆனா ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஹை, லோன்னு எழுத்துல குடுத்தா அது ஆங்கில அகரவரிசைப்படி ஹையைத்தான் ரெஃபரன்ஸா எடுத்துக்கும், அப்போ அந்த 0.4 லோ குரூப்போடது. எஸ்பிஎஸ்எஸ்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல லோவுக்கு 0, ஹைக்கு 1னு போட்டு கேட்டகரிக்கல் (வகை)னு சொன்னா டீஃபால்ட்டா கடைசியா இருக்கறது ரெஃபரன்ஸ் ஆயிடும், அங்கயும் தலைகீழ்தான். ஸ்டேட்டாங்கற சாஃப்ட்வேர்ல மட்டும் சின்ன நம்பர்தான் ரெஃபரன்ஸ். ஆக பல ஆய்வுகளோட நம்பரை ஒண்ணா சேர்த்து நான் பண்ற மெட்டா அனாலிசிஸ்ல 0.4னு சேர்க்கறதா இல்ல திருப்பிப் போட்டு 2.5னு சேர்க்கறதா, அவங்க கம்ப்யூட்டர்ல எந்த சாஃப்ட்வேர் இருந்துச்சுன்னு ஜோசியம் பார்த்துதான் முடிவு பண்ணணுமா?

அதனால தயவுசெஞ்சு ரெஃபரன்ஸ் குரூப்புக்குன்னு தனி வரி போட்டு 1.00னு எழுதச் சொல்லுங்க. பக்கத்துலயே ஒவ்வொரு குரூப்புலயும் எத்தனை பேர், எத்தனை மரணம்னும் வேணும். ஏன்னா ஆர் கூடவே வர்ற லங் டேட்டால (நுரையீரல் புற்றுநோய் டேட்டா) 228 நோயாளிங்க, அதுல ஈகாக் ஸ்கோர் (அன்றாட வேலையைச் செய்ய எவ்ளோ முடியுதுங்கற மதிப்பெண், கூடக்கூட மோசம்) 3 இருக்கறது ஒரே ஒருத்தர். கடைசி கேட்டகரிதான் ரெஃபரன்ஸ்னு விட்டா மத்த எல்லாரையும் அந்த ஒத்த மனுஷனோட ஒப்பிடணும், கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (நிஜ மதிப்பு எதுக்குள்ள இருக்கலாம்ங்கற எல்லை) எல்லா வரியிலயும் கன்னாபின்னான்னு விரிஞ்சிடும். 0க்கும் 2க்கும் நடுவுல நிஜமா இருக்கற வித்தியாசம் டேபிள்ல தெரியவே தெரியாது, சரி நாமளே வகுத்து ரேஷியோவை எடுத்துக்கிட்டாலும் அதோட இன்டர்வலுக்கு கோவேரியன்ஸ் (ரெண்டு மதிப்பீடும் சேர்ந்து எப்படி மாறுதுங்கற அளவு) வேணும், அதையும் யாரும் குடுக்கறதில்ல.

காக்ஸ் இந்த மாடலைச் சொன்னது 1972ல. இத்தனை வருஷம் கழிச்சும் டேபிள்ல ஃபான்ட் சைஸ் தப்பா இருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பறீங்க, 0.4 எந்தப் பக்கம்னு தெரியலன்னா மட்டும் ரெண்டு ரிவ்யூவரும் தாண்டி அச்சுக்கே போயிடுது. பதிப்புக் கட்டணம் வாங்கறப்ப மட்டும் பைசா சுத்தமா கணக்கு வருது!

சரி, கோவத்துல கொஞ்சம் ஓவரா போயிட்டேன், மன்னிக்கணும். அந்த ரெஃபரன்ஸ் வரியை ஆசிரியர் வழிகாட்டில கட்டாயமாக்குங்க, அந்த மூணாவது டேபிளுக்கு ஒரு திருத்தமும் போடுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
உங்க டேபிள்ல இருந்து நம்பர் எடுத்துப் பிழைக்கிற ஒரு புள்ளியியல்காரன்