‘சக்’ முடிந்த விதம்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர் வீட்டுக்குக் கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டீர்கள் என்று படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். எல்லோரும் வருகிறோம். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பேப்பரை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லி எடுக்கவில்லை, அவளாகவே எடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் பாதி இடம் ‘சக்’ என்ற அமெரிக்க உளவாளித் தொடரின் கடைசி எபிசோடைத் திட்டுவதற்கே போயிருக்கிறது. தங்கச்சி டிவியை அணைத்துவிட்டு எழுந்தே போய்விட்டாள் என்கிறாய். 91 எபிசோட் பார்க்க வைத்துவிட்டு, கதாநாயகன் சக்கின் மனைவி, உளவாளி சேராவுக்குப் பழைய நினைவு திரும்பியதா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் முடித்தால் அது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. ஆனால் எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. அதைவிட நியாயமான முடிவு அந்தக் கதைக்குக் கிடையாது என்றே நினைக்கிறேன்.

முதலில், நினைவு போவது கடைசி நேரத்தில் திடீரென்று நுழைத்த திருப்பம் இல்லை. ஐந்தாவது சீசன் தொடங்கும்போதே அந்த விதையைப் போட்டுவிட்டார்கள். அரசாங்க ரகசியங்களை மூளைக்குள் ஏற்றும் இன்டர்செக்ட், சக்கின் நண்பன் மார்கன் தலைக்குள் போய், அது கோளாறான சரக்கு என்பதால் அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதை மறக்கிறானே, நாம் அதைச் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். சின்ன வயதிலிருந்து உயிராக நினைத்த சினிமாக்கள்கூட அவனுக்கு ஞாபகம் இல்லை. அதே கோளாறுதான் பின்னால் சேராவிடம் வருகிறது. அப்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவளாவது வேறு எதற்கோ அதைப் போட்டுக்கொண்டாளா? சக்கைக் காப்பாற்றத்தான் போட்டுக்கொண்டாள். புல்லட் ரயிலில் அவள் ஒவ்வொன்றாக இழந்துகொண்டு வருவதும், வில்லன் க்வின் அதைப் பயன்படுத்திக்கொள்வதும் எல்லாம் அந்த சீசனின் முதல் எபிசோடிலிருந்து நேராக வந்து சேரும் பாதை.

கடைசி இரண்டு எபிசோடும் 2012 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை இரவு, என்பிசி சேனலில் அடுத்தடுத்து வந்தவை. நீயும் அப்படியே சேர்த்துப் பார்த்திருந்தால் நல்லது. முதலாவதில், அந்தக் காலி வீட்டில் சேரா சக்கைப் போட்டு அடிக்கிறாளே, அவன் ஒரு முறையாவது திருப்பி அடித்தானா? கதவு நிலையில் இரண்டு பேரும் சேர்ந்து செதுக்கிய பெயர்கள் கண்ணில் படும்வரை அவள் நிறுத்தவே இல்லை. அப்புறம் கூட வேலை செய்யும் ஏஜெண்ட் கேஸி கொண்டுவந்து கொடுக்கும் பழைய பதிவுகள். தன் முகம், தன் குரல், சக்கைக் காதலிப்பதாகத் தானே சொல்வதை ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு அவனிடம் போய், நீ சொன்னதெல்லாம் நம்புகிறேன், ஆனால் எனக்குள் அந்த உணர்வு வரவில்லை என்கிறாள். சேராவாக நடித்த இவோன் ஸ்ட்ரஹாவ்ஸ்கி அந்த வரியைச் சொல்லும் விதத்தைத் திரும்பவும் போட்டுப் பார். குரலில் குற்ற உணர்ச்சி மட்டும்தான் இருக்கிறது. நடிப்பு என்றால் அதுதான்.

இப்போது கடைசி எபிசோடின் கச்சேரி அரங்கத்துக்கு வருவோம். அவர்களுடைய மேலதிகாரி ஜெனரல் பெக்மன் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில் குண்டு. இசை நின்றால் வெடிக்கும். ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து முடித்ததும் மேடையேறுவது யார்? சக் வேலை பார்த்த பை மோர் எலெக்ட்ரானிக்ஸ் கடையின் ஜெஃபும் லெஸ்டரும்! ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’யை, பின்னால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். இரண்டாவது சீசனில் சக்கின் அக்கா எல்லியின் கல்யாணத்தில் இதே இரண்டு பேர் பாடிய கூத்து நினைவிருக்கிறதா? அன்றைக்கு அவர்கள் வெறும் கலாட்டா. இன்றைக்கு அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரின் உயிரும் அந்தப் பாட்டில் தொங்குகிறது. ஐந்து வருஷமாக யாரும் பொருட்படுத்தாத இரண்டு பேருக்கு, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல், கடைசியில் இப்படி ஒரு கௌரவம். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. இந்தத் தொடர் இதைத்தான் ஆரம்பத்திலிருந்து செய்துகொண்டிருந்தது.

அந்த நேரம் சக்கின் கையில் இன்டர்செக்டை ஏற்றும் கண்ணாடி இருக்கிறது. அதில் ஒரே ஒரு தடவைதான் ஏற்றலாம். எல்லி அதை வைத்துச் சேராவின் நினைவைத் திருப்பிவிடுவாள் என்பதுதான் அந்த எபிசோட் முழுவதும் அவனுக்கு இருக்கும் நம்பிக்கை. குண்டைச் செயலிழக்க வைக்க அதைத் தானே மாட்டிக்கொள்கிறான். மாட்டாவிட்டால் அரங்கத்தில் இருக்கும் சனமெல்லாம் செத்துப்போகும். மாட்டினால் மனைவி திரும்பி வரும் ஒரே வழி போய்விடும். யோசிக்க நேரமில்லை, அவன் வீர வசனமும் பேசவில்லை. செல்வம், இந்த முடிவு பிடிக்கவில்லை என்கிறாயே, இதற்கப்புறம் ஏதோ ஒரு மருந்து, ஒரு இயந்திரம் வந்து அவள் நினைவை முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் இவன் செய்ததற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

அதோடு நிற்கவில்லை. குண்டோடு இணைந்திருப்பது ஒரு பிரிசம் எக்ஸ்பிரஸ் லேப்டாப். முதல் எபிசோடில் பை மோர் கடையில் அந்த மாடலைச் செயலிழக்க வைக்கும் ஐரின் டெமோவா வைரஸ் வருமே, சக் அதை வைத்துத்தான் அன்றைக்கு முதல் குண்டையும் நிறுத்தினான். இப்போது அந்தப் பெயரைச் சொல்வது சேரா. கல்யாண நாள் நினைவுக்கு வரவில்லை, முதல் முத்தம் வரவில்லை, ஒரு கெட்ட வெப்சைட்டின் வைரஸ் பெயர் வருகிறது! எழுதியவர்கள் இந்த இடத்தில் பெரிய காதல் வசனம் ஒன்றை வைத்திருக்கலாம். வைக்காமல் விட்டார்களே, அதுதான் அந்தத் தொடரின் குணம். நமக்கும் பழசு அப்படித்தான் வருகிறது. ஹாஸ்டல் என்றதும் எனக்கு முதலில் வருவது பரீட்சையோ ரிசல்ட்டோ இல்லை, மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் அந்தத் தண்ணிச் சாம்பாரின் வாசனைதான். உனக்கு எது வரும்?

அதற்கு முன்னால் பெர்லினில், முதல் சீசனில் சேரா வேலை செய்வதாக நடித்த அதே வீனர்லிஷியஸ் பெயர் கொண்ட கடையில் அவள் கை தானாகவே சாமான்களை ஒழுங்குபடுத்தும் இடத்தைத் தங்கச்சிக்குக் காட்டு. ஒன்றும் திரும்பவில்லை என்று அவள் நினைத்தால், இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல். திரும்ப ஆரம்பித்துவிட்டது என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. எவ்வளவு திரும்பும் என்பதை மட்டும்தான் சொல்லாமல் விட்டார்கள்.

அப்புறம் கடற்கரை. முதல் எபிசோடின் கடைசியில் சேரா அவனைத் தேடி வந்து, என்னை நம்பு என்று சொன்ன அதே இடம். இப்போது தேடி வருகிறவன் அவன், நம்பு என்று கேட்கிறவனும் அவன். என் மனதைத் தொட்டது அவன் அவளை எதற்கும் கட்டாயப்படுத்தாததுதான். சட்டப்படி மனைவி, ஐந்து வருஷ வாழ்க்கை, எல்லாம் அவன் பக்கம் இருக்கிறது. ஆனால் அதில் எதையும் அவன் கையில் எடுக்கவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்கிறான், அவ்வளவுதான். நம் கதையைச் சொல் என்று அவள்தான் கேட்கிறாள். சொல்கிறான். அவள் சிரிக்கிறாள், அழுகிறாள். ஒரு முத்தத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று மார்கன் சொன்ன பேச்சை அவன் தயங்கித் தயங்கிச் சொல்லும்போதும், முத்தம் கொடு என்று கேட்பது அவள்தான். உன் புகாரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நினைவு திரும்பியதா என்பதை விட, முன்பின் தெரியாத ஒருவனைப் போல அவனைப் பார்த்துவிட்டு, அவளே மறுபடி அவனிடம் வருகிறாள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் தடவை வேலை என்று வந்தாள். இந்தத் தடவை எந்தக் கட்டளையும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடருக்கு நிம்மதியாக ஒரு முடிவு எழுதும் வாய்ப்பு கிடைத்ததே பெரிய விஷயம். 2007இல் தொடங்கிய முதல் சீசன் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 13 எபிசோடோடு நின்றது. 2009 ஏப்ரலில் நிறுத்திவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது ரசிகர்கள் சப்வே கடைகளுக்குப் போய் சாண்ட்விச் வாங்கித் தங்கள் எண்ணிக்கையைக் காட்டினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கதாநாயகன் ஸக்கரி லீவையே நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு சப்வேக்கு நடந்தார். சப்வே விளம்பரதாரராக வந்து தொடர் பிழைத்தது. அதன் பிறகும் மூன்றாவது, நான்காவது சீசன்கள் முதலில் 13 எபிசோட் என்றே தொடங்கி, பிறகு நீட்டிக்கப்பட்டவை. ஒவ்வொரு தடவையும் இதுவே கடைசி என்று நினைத்து முடித்து, மறுபடி திறந்து எழுத வேண்டியிருந்தது. கடைசி எபிசோடில் பை மோர் கடையை சப்வே வாங்கிக்கொள்கிறதே, அது காப்பாற்றிய ரசிகர்களுக்கு அவர்கள் சொன்ன நன்றி. உனக்கு அந்தக் காட்சி ஏன் வருகிறது என்று புரிந்திருக்காது, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேஸி தன் காதலி வெர்பான்ஸ்கியைத் தேடிக் கிளம்புவதும், எல்லியும் அவள் கணவன் டெவனும் சிகாகோ போவதும் கொஞ்சம் அவசரமாக முடிக்கப்பட்டவைதான். அதில் உன்னோடு சண்டை இல்லை. கேஸிக்கு இன்னும் பத்து நிமிஷம் கொடுத்திருக்கலாம்.

தங்கச்சியிடம் என் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் எபிசோடை இன்னொரு தடவை போட்டு, உடனே கடைசி எபிசோடைப் பார்க்கச் சொல். பார்த்த பிறகும் கோபம் போகவில்லை என்றால் கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது நேரிலேயே வாதாடுகிறேன். பால் காய்ச்சும் நேரத்தைச் சரியாக எழுது. பஸ்ஸில் வருவதா, முதல் நாளே ரயிலில் வந்துவிடுவதா என்று பார்க்க வேண்டும். அப்பாவை நெடுநேரம் உட்கார வைக்க முடியாது, அதனால் ரயிலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு என் அன்பு.

உன்,
ரவி