குழந்தைகள் படத்துக்கு முன்னால் பேய்ப்பட ட்ரெய்லர் வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். கல்லூரியில் படிக்கும்போது இரவுக் காட்சிக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்பி, மறுநாளும் போய் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் பேய்ப்படம் பிடிக்காத யாரோ எழுதும் கடிதமாக இதை நினைத்துவிட வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகளை கார்ட்டூன் படம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். காலைக் காட்சி, அரங்கில் முக்கால்வாசி குழந்தைகள்தான். விளக்கை அணைத்தார்கள், நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் ஓடி முடிந்தன, அடுத்து வந்தது ஒரு பேய்ப்பட ட்ரெய்லர். யு/ஏ சான்றிதழ் சில விநாடி திரையில் நின்றது. அதை நான் படித்து, இது என்ன படம் என்று யோசிப்பதற்குள் ட்ரெய்லர் ஆரம்பித்துவிட்டது.

முதல் அலறலிலேயே மகள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன் வரிசையில் ஒரு சின்னப் பையன் அழ ஆரம்பித்தான். எப்படியோ இரண்டு, இரண்டரை நிமிஷம் போனது. படத்தின் பெயர் வந்தது, வெளியாகும் தேதி வந்தது, திரை கறுப்பானது, சத்தம் மொத்தமாக நின்றது. "முடிஞ்சிருச்சாப்பா?" என்றாள். "முடிஞ்சிருச்சும்மா, கண்ணத் திற" என்றேன். திறந்தாள். அந்த நொடியில்தான் பேயின் முகம் திரை முழுக்க, காதைக் கிழிக்கும் கத்தலோடு வந்தது.

இத்தனை வருஷம் பேய்ப்பட ட்ரெய்லர் பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெயர் போட்டு, எல்லாம் முடிந்தது என்று நம்மை மூச்சுவிட வைத்து, அதற்கப்புறம் கடைசியாக ஓர் அடி அடிப்பது இந்த ட்ரெய்லர்களின் எழுதப்படாத சட்டம். அன்றைக்கு எனக்கு மறந்துவிட்டது. மகள் அன்று இரவு கேட்டது பேயைப் பற்றி இல்லை, "முடிஞ்சிருச்சுன்னு ஏன்பா சொன்ன?" என்றுதான். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

பேய்ப்பட ட்ரெய்லர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. புது வீட்டுக்குக் குடிவரும் குடும்பம், அல்லது மலைப்பாதையில் ஏறும் கார், நல்ல வெயில், சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருக்கும் குழந்தை ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசும், ஊஞ்சல் தானாக ஆடும். நம் ஊரில் என்றால் கொலுசுச் சத்தம், ஹாலிவுட் என்றால் சாவி கொடுத்த இசைப்பெட்டி, இல்லாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் பாதி வேகத்தில் இழுத்துப் பாடும் பெண் குரல். நடுவில் 'உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்' என்று ஒரு வரி வரும். குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடினால் பின்னால் யாரோ நிற்பார்கள். பல்லைக் கூச வைக்கும் அந்தக் கிரீச் ஒலியையும் கேட்டிருப்பீர்கள், அதை எழுப்ப வாட்டர்போன் என்று ஒரு கருவி இருக்கிறது. உலோகக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் நட்டிருக்கும் கம்பிகளை வில்லால் தேய்ப்பார்கள். ரிச்சர்ட் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் அமைதிதான். சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒன்றுமே இல்லாமல் செய்வார்கள், நம் காது தானாகவே கூர்மையாகும், அந்த நேரம் பார்த்து இடியை இறக்குவார்கள். திடுக்கிடுவது யோசித்து வரும் காரியம் இல்லை. விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் கண் மூடிவிடும், தோள் சுருங்கிவிடும். கதை தெரிய வேண்டாம், பேயை நம்பவும் வேண்டாம், இது வெறும் படம்தான் என்று தெரிந்திருந்தாலும் உடம்பு துள்ளும். எனக்கே அப்படி என்றால் ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ட்ரெய்லர்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்று பார்வையாளர்கள் புகார் சொல்லி, 1999-இல் திரைத்துறையினரே சேர்ந்து அதற்கு ஓர் எல்லை வகுத்தார்கள், பிற்பாடு அது 85 டெசிபல் என்று நிலைத்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அது முழு ட்ரெய்லருக்குமான சராசரி அளவு. அமைதி எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவுக்குச் சராசரி இறங்கும், அடுத்து விழும் இடி அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். அதாவது இந்த எல்லையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பேய்ப்பட ட்ரெய்லர்கூடக் குழந்தையைத் தூக்கிவாரிப் போட வைக்கும்.

படமாகப் பார்க்கும்போது இந்த உத்திகளை நான் ரசிக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டு இடத்தில் வரும், இடையில் கதை இருக்கும், சிரிப்பு இருக்கும், மூச்சு வாங்க நேரம் இருக்கும். ட்ரெய்லரில் அந்த இடைவெளி எதுவும் கிடையாது, ஏழெட்டையும் பிழிந்து இரண்டரை நிமிஷத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஒரு படத்தின் மிகக் கொடூரமான பகுதி பெரும்பாலும் அதன் ட்ரெய்லர்தான். அதைப் பார்ப்பவர்களோ வேறு ஏதோ படத்துக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள்.

மிரட்ட இது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. 1960-இல் 'சைக்கோ' என்ற ஹாலிவுட் படத்துக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ட்ரெய்லர் ஒன்றை எடுத்தார். அந்த விடுதியையும் வீட்டையும் அவரே சுற்றிக் காட்டுவார், இங்கேதான் அது நடந்தது என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது மட்டும் ஓர் அலறல். 'தி ஷைனிங்' என்ற பேய்ப்படத்தின் ட்ரெய்லரில் இருப்பது ஒரே ஒரு காட்சி, லிஃப்ட் கதவின் வழியே ரத்தம் பெருகி வருவது. இதையெல்லாம் குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று நான் சொல்லவில்லை. மறைத்து வைத்தே பயமுறுத்தும் கலை ட்ரெய்லரிலும் இருந்தது, அது இப்போது அருகிப் போனதில் ஒரு ரசிகனாக எனக்கு வருத்தம், அவ்வளவுதான்.

சரி, தணிக்கைக்கு வருகிறேன். அரங்கில் ஓடும் ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அன்று பார்த்த ட்ரெய்லருக்கும் இருந்தது. யு/ஏ என்றால் பிள்ளைக்குக் காட்டலாமா என்று பெற்றோர் முடிவு செய்ய வேண்டும் என்று அர்த்தம். 2023-இல் சட்டத்தைத் திருத்தி அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் படத்துக்கு என்றால் போஸ்டரைப் பார்த்து, நாலு பேரைக் கேட்டு, வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வரலாம். ட்ரெய்லருக்கு எப்போது முடிவெடுப்பது? இருட்டில், வரிசையின் நடுவில், ஒரு கையில் பாப்கார்னும் மறு கையில் குழந்தையுமாக உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சில விநாடியில் எழுந்து வெளியே ஓட முடியுமா? பிரிட்டனின் தணிக்கை வாரியம் இதை யோசித்திருக்கிறது. படத்தைப் பார்வையாளர் தேர்ந்தெடுக்கிறார், அதற்கு முன்னால் வரும் ட்ரெய்லரை அவர் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை அவர்களுடைய வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

இது ஏதோ என் ஒருவனுடைய மனக்குறையும் இல்லை. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 'பீட்டர் ராபிட்' என்ற முயல் படத்துக்கு வந்த குழந்தைகளுக்கு 'ஹெரெடிட்டரி' என்ற பேய்ப்படத்தின் ட்ரெய்லரைத் தவறுதலாக ஓட்டிவிட, பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள், அது உலகச் செய்தியானது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் 'தி நன்' என்ற பேய்ப்படத்துக்கு யூடியூபில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. ஒலியளவைக் குறைப்பதுபோல் திரையில் காட்டி, நீங்கள் அசந்த நேரத்தில் பேய் முகத்தைப் பாய விடுவார்கள். புகார்கள் குவிந்து, அதிர்ச்சியூட்டும் உள்ளடக்கம் பற்றிய தன் விதிகளுக்கு மாறானது என்று சொல்லி யூடியூப் அதை எடுத்துவிட்டது. கைபேசி விளம்பரத்துக்குக் காட்டிய அந்த அக்கறையை, முப்பது அடித் திரையும் நாலு பக்கமும் ஒலிபெருக்கியும் உள்ள அரங்குக்கு நாம் காட்ட வேண்டாமா?

இடைவேளையில் அரங்க மேலாளரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், ப்ளேலிஸ்ட் மொத்தமா வரும், எல்லா ஷோவுக்கும் அதேதான் ஓடும்" என்றார். என் பின்னாலேயே இன்னும் இரண்டு அம்மாக்கள் அதே புகாரோடு நின்றார்கள். காலைக் காட்சிக் குழந்தைகள் படத்துக்கும் இரவுக் காட்சிக்கும் ஒரே ப்ளேலிஸ்ட் என்பதை மாற்றுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அரங்கு உரிமையாளர்கள் நினைத்தால் இந்த வாரமே மாற்றலாம். தணிக்கை வாரியமும் யு படத்தோடு சேர்த்து ஓட்டும் ட்ரெய்லர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும், முக்கியமாக ஒலியை. படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பெயர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். முடிந்துவிட்டது என்று ஒரு அப்பா சொன்னால் அது முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு கார்ட்டூன் படம் வருகிறது. போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் ட்ரெய்லரெல்லாம் ஓடி முடியும் வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே போவோம் என்கிறாள். ட்ரெய்லர் முடிந்துவிட்டதா என்று கதவுக்காரரிடம் அவளே கேட்டுக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை