ஆபர்ன் தெருவில் தமிழில் ஒரு நடை: நன்கொடை வேண்டுகோள்

அட்லாண்டாவில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆபர்ன் அவென்யூவுக்கு அழைத்துப் போகிறோம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த 501ஆம் எண் வீட்டின் முன் ஒரு படம், தண்ணீர் நடுவே இருக்கும் அவர் கல்லறை முன் ஒன்று, காந்தி சிலையருகே ஒன்று. முக்கால் மணி நேரத்தில் காரைத் திருப்பிவிடுகிறோம். தெருவின் மீதியைப் பார்ப்பதே இல்லை.

மேற்கே நடந்தால் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கட்டடம் வரும். அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் சொந்தமாக வாங்கிய முதல் வானொலி நிலையம் 1949 முதல் இயங்கியது இங்கேதான். கீழே கிங்கின் இயக்க அலுவலகம். மேலே இருந்த வானொலியில் பேச வேண்டுமென்றால் கிங் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலிருந்து ஜன்னல் வழியே மைக்கை இறக்குவார்களாம். (துடைப்பக்கட்டைக்கு நம்மூரில் இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.)

இன்னும் தள்ளி அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கட்டடம். நிறுவியவர் அலோன்சோ ஹெர்ன்டன், 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலில் முன்னுக்கு வந்தவர். ஆனால் பீச்ட்ரீ தெருவிலிருந்த அவர் கடையில் வெள்ளையருக்கு மட்டுமே முடிவெட்டு. 1906 கலவரத்தில் வெள்ளையர் கும்பல் அந்தக் கடையையும் தாக்கியது. அதன் பிறகுதான் கறுப்பர்களின் கடைகள் நகர மையத்தை விட்டு ஆபர்னில் வந்து குவிந்தன. ஐம்பதே ஆண்டில் உலகின் பணக்காரக் கறுப்பர் தெரு என்று ஃபார்ச்சூன் இதழ் எழுதியது. அப்புறம் நெடுஞ்சாலை வந்து தெருவை இரண்டாக வெட்டியது.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1965 வரை இந்தியர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். அந்தக் கதவைத் திறந்த சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வென்ற சூட்டோடு வந்தது.

அதனால்தான் தமிழில் விளக்கத்தோடு ஒரு நடைப்பயணம். ஒத்திகையாக ஒருமுறை போனோம், சொதப்பிவிட்டது. வாடகை ஹெட்செட்டுகளில் பாதி வேலை செய்யவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தடியில் மொழிபெயர்த்தவர் தொண்டை கிழியக் கத்தியும், பின்னால் வந்த அம்மா ஒருவர் "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வழிகாட்டி அந்தத் தெருவிலேயே வளர்ந்த பெரியவர். சும்மாவே வருகிறேன் என்றார், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கதையை அவர்களிடமே இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. நடைக்கு 300 டாலர் வீதம் எட்டு நடைக்கு 2,400. சொந்தமாக 30 ஹெட்செட் வாங்க 1,500. தமிழ் வரைபடக் கையேடு அச்சிட 600, நடக்க முடியாத பெரியவர்களுக்கு வேன் 900. ஆக 5,400 டாலர். கையில் இருப்பது 1,900. இன்னும் 3,500 வேண்டும்.

பத்து டாலரானாலும் சரி. ஞாயிறு தமிழ் வகுப்பு வாசலில் குழுவினர் மேசை போட்டிருப்பார்கள், ரசீது உண்டு. கணக்கு மாதாமாதம் அங்கேயே ஒட்டப்படும். மீந்தால் அடுத்த ஆண்டு வழிகாட்டிக் கட்டணத்துக்குப் போகும்.

நடை சனிக்கிழமை காலையில், கட்டணம் இல்லை. முடிவது கர்ப் மார்க்கெட்டில். ஒரு காலத்தில் கறுப்பின வியாபாரிகளை உள்ளே விடாமல் நடைபாதை ஓரத்தில் (ஆங்கிலத்தில் ‘கர்ப்’) விற்கவைத்ததால் வந்த பெயர் அது. இப்போது எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பாட்டுச் செலவு மட்டும் அவரவருடையது.

இப்படிக்கு,
நடைப்பயணக் குழு